குருசடைக் கடலில் கண்ட கல்மலர்

சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், நம் பங்கு இல்லத்தின் பின்புறச் சுவர் ஆளுயரத்திற்குப் பூச்சு பெயர்ந்து நிற்கக் கண்டோம். தாத்தாமார் காலத்துக் கட்டடம் அது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரியும் என எதிர்பார்த்தோம்; தெரிந்ததோ வெண்மையும் பழுப்பும் கலந்த, துளைகள் மலிந்த கடற்கல். கொத்தனார் கரணையின் நுனியால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முருகைக்கல்லு சாமி. இப்போ எங்கே தேடினாலும் கிடைக்காது. சிமெண்டு வச்சுத்தான் அடைக்கணும்" என்றார்.

அக்கற்களுள் ஒன்று நம் கண்ணை விட்டு அகலவில்லை. மற்றவை தேன்கூடு போலவும் கடற்பஞ்சு போலவும் இருக்க, இது மட்டும் சிறு சிறு குழல்களைக் கற்றையாகக் கட்டி நிறுத்தியது போல் இருந்தது. ஒவ்வொரு குழலின் வாயிலும் மெல்லிய கல்தகடுகள் நடுவை நோக்கி வரிசையாக நின்றன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு ஒரு குழலின் தகடுகளை எண்ணினோம். நடுவரை எட்டியவை 12. அடுத்த குழலிலும் 12. விரலை வைத்துத் தடவியபோது தோல் கீறிக்கொண்டது. கடலை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் அதன் கூர் மழுங்கவில்லை.

நம் பள்ளியின் அறிவியல் ஆசிரியரை அழைத்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "கல் என்று சொல்கிறோம் சாமி, உண்மையில் இது உயிர்கள் கட்டி விட்டுச் சென்ற குடியிருப்பு. உயிரோடு இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் மண்டபத்துப் பக்கம் போக வேண்டும்" என்றார். அவ்வாறுதான் இப்பயணம் தொடங்கிற்று.

மாசி மாதத்தில், தவக்காலத்திற்கு முன் கிடைத்த இரண்டு நாள் ஓய்வில் புறப்பட்டோம். கச்சான் காற்று எழுந்துவிட்டால் அக்கடல் கலங்கிவிடும். அதற்கு முன் போனால்தான் அடித்தளம் தெரியும் என்று கூறியிருந்தனர். ஆசிரியரும் நாமும் இருவராய்ப் புறப்பட இருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தாமும் வருவதாகச் சொல்லி ஒரு துணிப்பையுடன் வந்து நின்றார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். பாம்பனில் மணமுடித்துக் கொடுத்த மகளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். இளமையில் தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றிக் கல்லெடுத்துப் பிழைத்தவர் அவர் என்பது நமக்கு முன்னமே தெரியும். ஆனால் அதைப்பற்றி அவர் பேசி நாம் கேட்டதில்லை.

வேம்பார், சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓடிற்று. வலப்புறம் பனையும் உடையும், அவற்றிற்கு அப்பால் கடல். நெருங்கி நோக்கினும் கரையிலிருந்து தீவுகள் தெரிவதில்லை. தெரிந்தாலும் ஒரு கருங்கோடு போலத்தான். ஆயினும் இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தூரத்திற்கு, கரைக்கு இணையாக 21 தீவுகள் மணிகோத்தாற்போல் கிடக்கின்றன. அனைத்தையும் சுற்றிப் பவளப்பாறைகள். இவற்றைச் சேர்த்தே 1986ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1989இல் இப்பகுதி முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. முத்துக்குளித்த நம் முன்னோர் 'பார்' என்று பெயரிட்டு, ஒவ்வொரு பாரையும் கரை அடையாளம் வைத்து அறிந்திருந்த கடல் இதுவே. 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றது. பார்களின் பெயர்கள் மட்டும் முதியோர் நாவில் எஞ்சியுள்ளன.

பாம்பனில் இரவு தங்கி, மறுநாள் காலை குந்துகால் துறையிலிருந்து வனத்துறையின் படகில் குருசடைத் தீவுக்குச் சென்றோம். அத்தீவின் பெயர் நம்மவர் காதுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. தெருமுனைக் குருசடியில் மெழுகுதிரி ஏற்றிப் பழகியவர்க்கு அதன் முதற்பாதியை விளக்க வேண்டியதில்லையன்றோ! விலங்கியல் கற்றவர்க்கோ வேறு காரணத்தால் இத்தீவு புனிதத்தலம் போன்றது. முதுகெலும்புள்ளவற்றிற்கும் அற்றவற்றிற்கும் இடையே வைத்து எண்ணப்படும் பலனோகிளாசஸ் என்னும் புழுவைத் தேடி நாடெங்கிலுமிருந்து கல்லூரி மாணவர் இங்கு வந்தனர். 1927ஆம் ஆண்டிலேயே சென்னை அருங்காட்சியகம் இத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டது.

படகைச் செலுத்தியவர் இளைஞர். ஓரிடத்தில் பொறியை நிறுத்தி, அடியில் கண்ணாடி பதித்த ஒரு சதுரப் பலகைப் பெட்டியை நம்மிடம் தந்தார். அதைத் தண்ணீரில் அரையளவு அமிழ்த்தி, மேலிருந்து உள்ளே நோக்க வேண்டும். அலையின் மினுமினுப்பு மறைந்தது. கடலின் அடி, ஏதோ கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்பது போல் துலங்கிற்று. ஆழம் ஆளுயரத்தைச் சற்றே தாண்டும். மன்னார் வளைகுடாப் பவளங்களுள் பெரும்பாலானவை இத்தகைய ஆழமற்ற நீரிலேயே வாழ்கின்றன.

முதலில் கண்டவை மூளை போல் மடிப்பு மடிப்பான உருண்டைப் பாறைகள். அடுத்து இலைத்தட்டுப் போன்றவை. அவற்றினிடையே நீலமும் மஞ்சளுமாய்ச் சிறு மீன்கள். ஆசிரியர் திடீரென்று நம் தோளைத் தொட்டு, "இடப்பக்கம் பாருங்கள் சாமி, நம் சுவர்!" என்றார்.

கவிழ்த்த கூடையளவிலான ஒரு மேடு. அதன் உடலெங்கும் பழுப்பும் பச்சையுமான சிறு பூக்கள் மலர்ந்திருந்தன. ஒவ்வொரு பூவின் இதழ் நுனியிலும் வெண்புள்ளி. நீரோட்டம் தொடும்போதெல்லாம் அத்தனை பூக்களும் ஒருசேரச் சாய்ந்து நிமிர்ந்தன. நம் விரலைக் கீறிய அந்தக் கல்லின் மேல் இவ்வளவு மென்மை போர்த்தியிருந்தது என்று எவர் சொல்லியிருந்தாலும் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

அறிவியலார் இதற்கு இட்டிருக்கும் பெயர் காலக்சியா பாசிக்குலாரிஸ். இதை 1767இல் முதன்முதல் விவரித்துப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். குருமடத்தில் கற்ற இலத்தீன் எதற்குதவும் என்று கேட்போர்க்கு இதோ ஒரு பயன்: 'பாசிக்குலுஸ்' என்றால் சிறு கட்டு அல்லது கற்றை. குழல்களைக் கற்றையாகக் கட்டியது போன்ற அதன் எலும்புக்கூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? முற்பெயரோ கிரேக்கத்தில் பால்வீதி மண்டலத்தைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. நம் வசதிக்காக இக்கட்டுரையில் தாரகைப் பவளம் என்று அழைத்துக்கொள்வோம். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை வெதுவெதுப்பான கடல்களில் இது பரவியுள்ளது. தெளிந்த நீரை மட்டும் நாடும் சுகவாசியன்று. கரையோரத்தில் சற்றே கலங்கிய நீரிலும் பிழைத்துக்கொள்ளும். மற்ற நாடுகளில் 5 மீட்டருக்கு மேல் அகன்ற கூட்டங்களும் உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுதல் நலம். பவளம் என்றதும் நம் இல்லத்தரசியர்க்கு நினைவு வருவது கழுத்தில் கோக்கும் செம்பவளம். பாட்டிமார் காலத்துச் செபமாலை மணிகளிலும் அது இருந்தது. யோபு ஆகமத்திலும் எசேக்கியேல் ஆகமத்திலும் விலையுயர் பொருள்களோடு வைத்துப் பேசப்படுவதும் பவளமே. அச்செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் ஆழத்திலிருந்து வருவது. அதன் உயிருக்கு எட்டுக் கைகள். அது பாறை கட்டுவதில்லை. நாம் கண்டது கற்பவளம். இதன் அமைப்பெல்லாம் ஆறின் மடங்கு. நம் சுவர்க் கல்லில் எண்ணிய 12 தகடுகளின் இரகசியம் இதுவே.

இவை செடியா, கல்லா, விலங்கா என்னும் கேள்வி அறிஞரையே நெடுங்காலம் மயக்கிற்று. 1706இல் மார்சிலி என்ற இத்தாலியப் பிரபு செம்பவளக் கிளையொன்றைக் கடல்நீரில் வைத்துப் பார்த்து, அதில் வெண்பூக்கள் மலர்வதைக் கண்டு, பவளம் செடியே என்று முடிவு கட்டினார். சில ஆண்டுகளுக்குப் பின் மர்சேய் நகரத்து மருத்துவர் பெய்சொனேல் அதே பூக்களை வட ஆப்பிரிக்கக் கரையில் கூர்ந்து ஆராய்ந்து, அவை பூக்களல்ல, இரை தேடும் உயிர்கள் என்று கண்டறிந்து எழுதினார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் பேரறிஞர் ரெயோமூர் அக்கருத்தை எடுத்துரைத்தபோது, இத்தகைய விபரீதக் கருத்தைச் சொன்னவருக்கு அவமானம் நேரக் கூடாதென்று கருதி அவர் பெயரையே சொல்லாமல் விட்டாராம்! உண்மையைக் கண்டவர் பெயர் மறைக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்தே அவர் கருத்து ஏற்கப்பட்டது.

ஆக, நாம் பூ என்று கண்டது ஒரு விலங்கு. கடற்சாமந்திக்கும் நம் மீனவர் அஞ்சும் சொறிமீனுக்கும் நெருங்கிய உறவு. நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கைகள், உள்ளே ஒரு வயிறு: அவ்வளவே அதன் உடல். உண்ணும் வாயே கழிக்கும் வாயும். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தை ஈர்த்து, தன் அடியில் கல்லாக இறக்கி, அக்கல்லின் மேல் தான் ஏறி அமர்ந்துகொள்ளும். நாளுக்கு நாள் கல் உயரும். உயிரோ எப்போதும் மேல்தளத்தில் ஒரு மெல்லிய போர்வையாகவே வாழும். தாரகைப் பவளத்தில் ஒவ்வோர் உயிரின் கிண்ணமும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமுடையது. மிகச் சிறிய உயிர்கள் கட்டும் கொம்புப் பவளங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய உயிரே. பக்கத்து உயிர்களுக்கு இடையிலுள்ள பரப்பில் புதிய மொட்டு அரும்பும். அது தன் குழலைத் தானே கட்டும். கூட்டம் இவ்வாறே பெருகும். உருண்டையாக வளரும் பவளங்கள் பொதுவாக ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே உயர்கின்றன என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். நம் சுவரிலுள்ள ஒரு முழ உயரக் கல், எத்தனை தலைமுறை உழைப்பு!

இத்துணை உழைப்புக்கு உணவு எங்கிருந்து வருகிறது? இதுதான் நம்மைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்திய செய்தி. பவள உயிரின் தசையணுக்களுக்குள், ஓரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர்ப் பரப்பில் பத்து இலட்சம் என்ற கணக்கில்! பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரிதும் அப்பாசிகளால் வருவதே. அவை வெயிலை உண்டு சர்க்கரை சமைக்கின்றன. சமைத்ததில் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கே கொடுத்துவிடுகின்றன. வீட்டுக்காரன் தன் கழிவுகளை அவற்றிற்கு உரமாகத் தருகிறான். பவளத்தின் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு வரை இவ்வழியே நிறைவேறக்கூடும். ஆகவேதான் இவை வெயில் எட்டும் ஆழத்தை விட்டு இறங்குவதில்லை. எஞ்சிய பங்கிற்குப் பவளம் தானே வேட்டையாடுகிறது. அழகாக அசைந்த அந்தக் கைகள் ஒவ்வொன்றிலும் நுண்ணிய நச்சு ஊசிகள் சுருண்டு கிடக்கின்றன. நீரில் மிதந்து வரும் சிற்றுயிர் தொட்டதும் ஊசி பாயும்.

அதன் குணத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. பாறையில் இடம் அருமை. பக்கத்தில் வேற்றினப் பவளம் நெருங்கி வளர்ந்தால், தாரகைப் பவளம் தன் விளிம்பிலுள்ள சில கைகளை மட்டும் நீள வளர்க்கிறது. ஒரு விரற்கடைக்கும் குறைவான கை, 30 சென்டிமீட்டர் வரை நீளும்! அக்கைகள் நீரோட்டத்தோடு அலைந்து, அயலானைத் தொட்ட இடமெல்லாம் எரித்துவிடுகின்றன. ஆசிரியர் இதைச் சொன்னபோது, அமைதியே உருவாய் இருந்த அப்பூமேட்டைச் சுற்றி ஏறத்தாழ ஒரு சாண் அகலத்திற்கு வேறு எதுவும் வளராமல் வெறும் பாறையாய்க் கிடப்பதைக் கவனித்தோம். வேலித் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் பொறுப்பு அடிக்கடி நம் தலையில் விழுவதுண்டு. ஆகவே அவ்வெற்றிடம் நமக்கு நன்றாகவே புரிந்தது.

இனப்பெருக்கமும் விந்தையானது. இடம் பெயர இயலாத இவ்வுயிர்கள் நிலவையும் நீரின் வெப்பத்தையும் கொண்டு நாள் குறிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் பற்பல இனப் பவளங்கள் ஆண்டில் ஒருமுறை, பௌர்ணமிக்குப் பின்வரும் சில இரவுகளில் ஒருசேர முட்டையிடுவதை 1980களின் தொடக்கத்தில் அறிஞர் கண்டனர். நம் மன்னார் வளைகுடாவிலும் கொம்புப் பவளங்கள் மார்ச் மாதத்தில் பௌர்ணமியை ஒட்டி முட்டையிடுவது பதிவாகியுள்ளது. தாரகைப் பவளத்தில் சில கூட்டங்கள் பெண்; அவை செந்நிற முட்டைகளை வெளியிடும். மற்றவை ஆண், ஆனால் இவையும் வெண்ணிற முட்டைகள் இடுகின்றன. அம்முட்டைகள் ஒருபோதும் கருவாவதில்லை. பின் எதற்கு? கொழுப்பு நிறைந்த அவை மிதக்கும். ஆணின் வித்துகளைச் சுமந்து, செம்முட்டைகள் மிதக்கும் மேல்நீருக்கு ஏற்றிச் செல்லும் தெப்பங்களாக உதவுகின்றன. கருவாகிப் பிறக்கும் குஞ்சு சில நாள் நீந்தித் திரிந்து, கெட்டியான, தூய்மையான பாறையொன்றைத் தேடி அமரும். அமர்ந்தால் அமர்ந்ததுதான், வாழ்நாள் முழுதும் இடமாற்றம் இல்லை. (மேற்றிராசனத்தில் நமக்கும் அப்படியொரு வரம் கிடைக்குமா என்று ஆசிரியர் கேட்டுச் சிரித்தார்.)

அந்நேரம் வரை பெரியவர் படகின் பின்முனையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். "அண்ணாச்சி, நீங்களும் பாருங்கள்" என்று பெட்டியை அவரிடம் நீட்டினோம். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது, "இது கையைக் கிழிக்கிற கல்லு, சாமி" என்றார். "இதைத் தொடும்போதெல்லாம் சாக்கைச் சுத்திக்கிடுவோம். இப்படிப் பூத்து நிக்கிறதை நான் நின்னு பார்த்ததில்லை. கடப்பாரையோட இறங்குறவன் எங்கே பூவைப் பார்க்கிறது?"

அதன் பிறகு அவர் தானாகவே சொல்லத் தொடங்கினார். மீன் படாத மாதங்களில் வள்ளம் கட்டிக்கொண்டு தீவுப்பக்கம் போவார்களாம். மூச்சடக்கி இறங்கி, கடப்பாரையால் நெம்பி, வள்ளத்தில் ஏற்றுவார்கள். வள்ளத்தின் விளிம்பு நீரைத் தொடும் அளவுக்குப் பாரம் ஏறிய பின்னரே திரும்புவார்கள். கரையில் கொட்டி உலர்த்தினால், புழுங்கிச் செத்த பவளத்தின் நாற்றம் தெருவெங்கும் அடிக்கும். உலர்ந்த கல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும்; பெரிய கற்கள் கட்டடத்திற்கு. "தோண்டத் தோண்டக் கிடைச்சிச்சு சாமி. கடல்லே கல்லு தீரும்னு யாருக்குத் தெரியும்? அது வளரும்னே எங்களுக்குத் தெரியாது. கிடக்கிற கல்லுன்னுதான் நினைச்சோம்."

"எப்போது விட்டீர்கள்?" என்றோம்.

"சுனாமிக்கு அடுத்த வருசம். அதுக்கு முன்னாடியே கேசு, பிடிக்கிறது எல்லாம் உண்டு. ஆனா நான் விட்டது அதுக்காக இல்லை. விலங்குசல்லியிலே நாங்க சோறு பொங்கித் தின்னிருக்கோம். மணல் மேட்டிலே படுத்துத் தூங்கியிருக்கோம். பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். தீவு இல்லை. தண்ணிதான் இருந்துது." சற்று நிறுத்திவிட்டு, "எங்க கையாலேயே தின்னுட்டோம்" என்றார்.

படகோட்டிய இளைஞரும் பொறியைத் தொடாமல் நின்றார்.

பெரியவர் கூறியதில் மிகை இல்லை. 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. பவளப்பாறை என்பது தீவைச் சுற்றிய மதில். அலை அதில் மோதி வலுவிழந்த பின்னரே மணலைத் தொடும். மதிலைப் பெயர்த்தால் அலை நேரே தீவை அரிக்கும். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவு 1986இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. 2014இல் ஏறத்தாழ 2 ஹெக்டேராகச் சுருங்கிற்று. அதைக் காக்க 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து துளைகளுள்ள சிமெண்டுப் பாறைகளைச் செய்து தீவின் முன் இறக்கி வருகின்றனர். நம் கொத்தனார் சுவருக்குச் சொன்ன அதே மருந்து!

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாக வைக்கப்பட்டன. 2005 அளவில் தூத்துக்குடிப் பக்கம் கல்லெடுப்பு நின்றது. ஆயினும் கடப்பாரை பிடித்தவரை மட்டும் குற்றவாளியாக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. அவர் எடுத்த கல்லை வாங்கியவர் யார்? அதை நீற்றிய சுண்ணாம்பால் கடற்கரை ஊர்களின் வீடுகள் எழுந்தன. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் நம் ஆலயங்கள் வெள்ளையடித்துக்கொண்டு பளபளத்தன. பங்கு இல்லத்தின் குளிர்ந்த சுவருக்குள் இத்தனை ஆண்டுகள் உறங்கி எழுந்தவர்களுள் நாமும் ஒருவர்.

இன்று கல்லெடுப்பு நின்றும் ஆபத்து நிற்கவில்லை. கடலின் வெப்பம், வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி மிகுந்து சில வாரம் நீடித்தால் போதும்; பவளத்தினுள் குடியிருக்கும் பாசிகளின் சமையல் நஞ்சாகிவிடுகிறது. பவளம் அவற்றை வெளியேற்றுகிறது. நிறம் போய், கண்ணாடி போன்ற தசையின் ஊடே வெள்ளெலும்பு தெரியும். இதை வெளிறல் என்பர். வெளிறிய பவளம் அப்போதே செத்துவிடுவதில்லை; பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும், இல்லையேல் மடியும். நம் வளைகுடாவில் சித்திரை வைகாசி மாதங்களில் கடல் சூடேறும்போது இது நேர்கிறது. 2016ஆம் ஆண்டு வெளிறலின்போது மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகக் குறைந்தது. கொம்புப் பவளங்களே பெருமளவில் மடிந்தன. உருண்டையாய்த் தடித்து வளர்பவை ஓரளவு தாக்குப்பிடித்தன. 2024இல் உலகக் கடல்கள் பலவற்றிலும் மீண்டும் பெரும் வெளிறல் நிகழ்வதாக அறிஞர் அறிவித்தனர்.

குருசடைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை மண்டபம் பக்கத்தில் வளர்த்துப் பல மீனவக் குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள், பிழைக்கின்றனர். அப்பாசி நம் கடலுக்குரியதன்று, பிலிப்பைன்ஸ் பக்கத்தது. 2008இல் அது குருசடையின் பவளங்கள்மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மூடினால் வெயில் இல்லை. வெயில் இல்லையேல் உள்ளிருக்கும் பாசிக்கு வேலை இல்லை. பாம்பனில் நாம் தங்கிய வீட்டம்மாளே பாசி வளர்ப்பவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "பாசியும் வேண்டாம், கல்லும் வேண்டாம்னா பிள்ளைக பீசுக்கு யாரைக் கேட்கிறது சாமி?" என்றார். நம்மிடம் விடை இல்லை. கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பெரியவர் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்குவார் என்றிருந்தோம். மறுநாள் காலையிலேயே துணிப்பையுடன் வண்டியடியில் வந்து நின்றார். வழியில் அதிகம் பேசவில்லை. சாயல்குடியில் தேநீர் குடிக்க இறங்கியபோது, "ஒரு சென்டிமீட்டர்னா எம்புட்டு சாமி?" என்று கேட்டார். ஆசிரியர் தம் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைக் காட்டினார். பெரியவர் தம் விரலை உயர்த்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனியில் சுவர் வேலை தொடங்கிற்று. அந்த ஒரு கல்லை மட்டும் பூசாமல் விட்டுவிடச் சொன்னோம். கொத்தனாருக்கு அதில் விருப்பமில்லை. "உப்புக்காத்து உள்ளே இறங்கும் சாமி, அடுத்த மழைக்கு மறுபடியும் பெயரும்" என்றார். இறுதியில், கல்லைச் சுற்றிச் சிமெண்டால் ஒரு வரம்பு கட்டித் தர ஒப்புக்கொண்டார். வேலை நடந்த மூன்றாம் நாள் மாலை பெரியவர் வந்தார். மேல்துண்டால் அக்கல்லின் தூசியைத் துடைத்து, அதன் குழல்களை விரல் படாமல் ஒவ்வொன்றாய் நோக்கி, "வான்தீவுக் கல்லா இருக்குமா, காரைச்சல்லிக் கல்லா இருக்குமா?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். கொத்தனார் கலவையைக் கரணையில் அள்ளிக்கொண்டு, அவர் விலகும்வரை காத்து நின்றார்.